கன்னிவாடியில் சில குளவிகள்

எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். நஞ்சு என்றோ விஷம் என்றோ சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ‘பருத்திக்கு மருந்தடிச்சாச்சா?’ என்று விசாரிப்பார்கள். விதையும் உரமும் விற்கிற கடை மருந்துக்கடை. காய்ச்சலுக்கு மாத்திரை விற்கிற கடைக்குத்தான் அடைமொழி தேவைப்பட்டது. அது இங்கிலீஷ் மருந்துக்கடை. ஆனால் ஊரில் ஒருவர் ‘மருந்தைக் குடிச்சிட்டார்’ என்று செய்தி வரும்போது மட்டும், அது எந்தக் கடையில் வாங்கிய மருந்து என்று எவரும் கேட்பதில்லை. ஒரே சொல் இந்த மூன்று வேலைகளையும் எப்படிச் சுமந்துகொண்டிருக்கிறது என்று நாங்கள் வெகுகாலம் யோசித்ததே கிடையாது. யோசிக்க நேர்ந்தது 1997ஆம் ஆண்டில்.

நாங்கள் என்று சொல்வது அண்ணன் தம்பி இருவரை. திண்டுக்கல்லுக்கு மேற்கே, ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. பழைய பாளையப்பட்டு ஊர். அண்ணாந்து பார்த்தால் மலை; மேலே குளிரும் காப்பித் தோட்டங்களும். கீழே எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரும் வெயிலும். பருத்தி, மக்காச்சோளம், தக்காளி, அவரை, கத்தரி என்று மாறிமாறிப் போட்டு, விளைந்ததை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ஏற்றி அனுப்புவது எங்கள் குடும்பத்தின் வழக்கம். எங்களுக்கு இரண்டரை ஏக்கர். இருவரும் வெளியூரில் சம்பள வேலைக்குப் போய்விட்டோம். சனி ஞாயிறுகளில் மட்டும் விவசாயிகள். தோட்டத்தை உண்மையில் நடத்தியவர் எங்கள் தந்தையும், அவரோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலைசெய்த ஒருவரும். அவரை நாங்கள் அண்ணன் என்போம். எங்களைவிட இருபது வயதாவது மூத்தவர். எங்களைத் தம்பி என்பார்.

அந்த ஆண்டு பருத்தியில் காய்ப்புழு விழுந்திருந்தது. பச்சைப்புழு என்பார்கள். காய்க்குள் தலையை நுழைத்து, உடலின் பாதியை வெளியே விட்டுக்கொண்டு தின்னும். பதினான்கு முறை மருந்தடித்தும் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் திங்களன்று வேலைக்குத் திரும்பவேண்டும் என்ற அவசரத்தில், காற்று எதிர்த்து அடிக்கிறது என்று அண்ணன் சொல்லியும், ‘இன்னிக்கே முடிச்சுருங்கண்ணே’ என்று சொன்னோம். அவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு இறங்கினார். இரண்டு இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பது அப்போது ஊர் முழுவதும் நடந்த பழக்கம். மதியத்துக்குப் பின் வாய்க்கால் மேட்டில் அவரைக் கண்டபோது வாயில் நுரை, உடல் முழுக்க வியர்வை, கண்மணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. வண்டி பிடித்துத் திண்டுக்கல் கொண்டுபோனோம். அட்ரோபின் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். மூன்றாம் நாள்தான் பேசினார். முதலில் கேட்டது, ‘மிச்ச நாலு பாத்தி யாரு அடிச்சா?’ என்பது.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டோம். ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சுகள், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கிற நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். தசை ஓயாமல் துடித்து ஓய்ந்துபோகும். இந்த நொதி முடங்குவது புழுவுக்கும் மனிதனுக்கும் பொது. அளவில்தான் வேறுபாடு. புழுவைக் கொல்வது அண்ணனைக் கொல்லவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் அவர் பெரிய உடம்பாக இருந்தது. அவரை அனுப்பியவர்கள் நாங்கள். இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதற்கு அடுத்த சில ஆண்டுகளில்தான் எங்கள் பகுதியில் அந்த அட்டைகளைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கன்னிவாடி வட்டாரத்தை உயிரிக் கிராமம் என்ற தன் திட்டத்துக்கு ஓர் இடமாக எடுத்துக்கொண்டிருந்தது. ரெட்டியார்சத்திரத்தில் விதை உற்பத்தியாளர் சங்கம் உருவானது. பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையை வளர்க்கவும், டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணியைப் பெருக்கவும் பயிற்சி தரப்பட்டது. பசுமைப் புரட்சியின் தந்தை என்று பாராட்டாகவும் வசையாகவும் ஒருசேர அழைக்கப்பட்டு, 2023இல் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்த சுவாமிநாதனின் பெயரைத் தாங்கிய நிறுவனம், மருந்தைக் குறைக்கும் வேலையை எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஒப்படைத்தது என்பதைச் சரித்திரத்தின் முரண் என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. உரமும் மருந்தும் மனம்போன போக்கில் கொட்டப்படுவது குறித்து 1968லேயே எச்சரித்தவர் அவர். எச்சரிக்கையைக் கேட்கிற காது அன்று ஊரில் இல்லை என்பதே உண்மை. எங்கள் காதுகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

அப்படி ஒரு குழுவின் அறைக்கு நாங்கள் முதன்முறை போனபோது கண்டது ஒரு விசித்திரமான சமையலறை. வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின்கள், மேலே காடாத்துணி கட்டியிருக்கிறது. உள்ளே உடைத்த கம்பு இரண்டரைக் கிலோ, நிலக்கடலைப் பொடி நூறு கிராம், கொஞ்சம் ஈஸ்ட், கொஞ்சம் கந்தகத்தூள். நாங்கள் ஏதோ கஞ்சிக்கு ஏற்பாடு என்று நினைத்தோம். விருந்து அரிசி அந்துப்பூச்சிக்கு. வீட்டில் பழைய அரிசியிலும் கம்பிலும் நூலாம்படை பின்னிக் குடியிருக்குமே, அதே பூச்சிதான். அரை சி.சி. முட்டையைப் பேசினில் தூவிவிட்டால், புழுவாகித் தின்று, நாற்பது நாளுக்குமேல் அந்துகள் வெளிவரத் தொடங்கும். அவற்றைக் குழாயால் உறிஞ்சிப் பிடித்துக் கூண்டில் அடைத்து, இடும் முட்டைகளைச் சலித்து எடுக்கிறார்கள். சலித்த முட்டை ரவை போல இருக்கும். அதைப் புற ஊதா விளக்கின் அடியில் இருபது நிமிடம் போல வைக்கிறார்கள்.

‘எதுக்குக்கா விளக்கு?’ என்று கேட்டோம்.

‘உள்ள இருக்குற கரு செத்துரணும் தம்பி. இல்லாட்டி அதுல இருந்து அந்துப்புழு பொரிச்சு, பக்கத்துல இருக்குற நம்ம குளவி முட்டையையும் தின்னுபுடும்.’

பிறகு அட்டையில் கருவேலம்பிசின் தடவி, முட்டைகளை ஒரே சீராகத் தூவி, காய்ந்ததும் பாலிதீன் பைக்குள் போட்டு, டிரைக்கோகிரம்மா குளவிகளை உள்ளே விடுகிறார்கள். ஒரு சி.சி. என்பது பதினாறாயிரத்திலிருந்து இருபதாயிரம் முட்டை வரை. மூன்று நான்கு நாளில், உள்ளே குளவிக்குஞ்சு வளர்கிற முட்டையெல்லாம் கறுத்துவிடும். வெள்ளை ரவை கறுப்புக் கசகசாவாக மாறுவது போல. ஏழெட்டு நாளில் ஒவ்வொன்றிலிருந்தும் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி ஓட்டையிட்டு வெளியே வரும். முற்றுப்புள்ளியை விடச் சிறிய அந்த உயிர் தோட்டத்தில் காய்ப்புழுவின் முட்டையைத் தேடிப் போய், அதற்குள் தன் முட்டையை இடும். புழு பிறப்பதேயில்லை. மருந்து புழுவைக் கொல்கிறது. இது புழுவை வராமலே செய்துவிடுகிறது. எழுத்தில் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம். அந்த அறையில் எந்நேரமும் அந்துப்பூச்சியின் இறகுத்தூள் பறந்துகொண்டிருந்தது. பெண்கள் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள், ஆனாலும் இருமினார்கள். பேசின் வைத்த மேசைக்கால்கள் எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன.

அங்கே ஓர் அக்கா சொன்ன சேதி எங்களுக்கு இன்றுவரை சிரிப்பையும் யோசனையையும் ஒருங்கே தருவது. ஒருமுறை பேசின்களில் அந்துப்புழுக்கள் எல்லாம் வாடிச் செத்துக் கிடந்தனவாம். பிரகான் என்ற வேறொரு குளவி எப்படியோ துணிக்குள் புகுந்து புழுக்களைக் கொட்டி அவற்றின்மேல் முட்டையிட்டிருக்கிறது. தென்னந்தோப்புக் கருந்தலைப் புழுவுக்கு எதிராக நன்மை செய்யும் பூச்சி என்று வளர்க்கப்படுவது பிரகான். இங்கே அதுவே கொள்ளைக்காரன். நாற்பது நாள் உழைப்பு போயிற்று. எது நன்மை, எது தீமை என்று பூச்சிக்குப் பெயரிடுகிறபோது நாம் எந்த அறையில் நின்றுகொண்டு பெயரிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் போலும்.

இந்த இடத்தில் டார்வினை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்து தின்று வளரும்படி இக்னியூமன் குளவிகளை ஒரு கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்ற பொருளில் அவர் எழுதினார். ஒரு குளவி ஓர் ஆங்கிலேயரின் இறைநம்பிக்கையை அசைத்தது. நம் மரபிலோ அதே காட்சி வேறு விதமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. குளவி புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்க, புழு குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாகிவிடுகிறது என்பது பிரமர கீட நியாயம். குருவுக்கும் சீடனுக்கும், இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் சொல்லப்பட்ட உவமை. எங்கள் பாட்டி இதை வீட்டு உத்தரத்துக் குளவிக்கூட்டைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அந்தக் கூட்டை ஒருநாள் உடைத்துப் பார்த்தோம். உள்ளே அசையாத புழுக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றின்மேல் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்குஞ்சு தின்றுகொண்டிருந்தது. உவமை பொய் என்று சிறுவர்களாகிய நாங்கள் பாட்டியிடம் வாதிட்டோம். இன்று வாதிட மாட்டோம். உவமையைச் சொன்னவர்கள் கூட்டின் வாயிலில் காத்திருந்து, புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நடந்ததை மட்டும் அன்பால் நிரப்பிக்கொண்டார்கள். டார்வின் நடுவில் நடந்ததைப் பார்த்துத் திகைத்தார். எங்களுக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது நிலை: அந்தக் கொடுமையை விலைகொடுத்து அட்டையில் வாங்குவது.

முதல் அட்டைகளை 2000ஆம் ஆண்டு வாங்கினோம். அதில் ஒன்றை, குளவி வெளிவர இரண்டு நாள் இருக்கிறது என்பதால், வெயில் படாமல் இருக்கட்டும் என்று ஒரு நாவலுக்குள் செருகி அலமாரியில் வைத்தோம். குளிர்பதனப் பெட்டி கிடையாது. சனிக்கிழமை வந்து எடுப்பதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை வரமுடியவில்லை. மறுவாரம் அலமாரியைத் திறந்தபோது, அட்டையில் கறுப்பு முட்டை ஒவ்வொன்றிலும் ஓர் ஊசித்துளை. சன்னல் கண்ணாடியின் அடியில் புழுதி போல ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான குளவிகள், வெளிச்சத்தை நோக்கிப் பறந்து, கண்ணாடியைக் கடக்க முடியாமல் செத்துக் கிடந்தன. இலக்கிய வாசகர்களாக இருப்பதால் விளையும் தீமைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை ஒழுங்காகத் துண்டுகளாக நறுக்கி, இலையின் அடிப்பக்கத்தில் குத்தி வைத்தோம். ஆனால் உச்சிவெயிலில் வைத்தோம். மாலைக்குள் எறும்புகள் முட்டைகளைச் சுரண்டித் தின்றுவிட்டன. எறும்பின் மேல் கோபப்படவும் வழியில்லை. மனிதன் பயிரைக் காக்கப் பூச்சியை ஏவியதற்குக் கிடைக்கிற மிகப் பழைய சான்றே எறும்புதான். கி.பி. 304 என்று காலம் குறிக்கப்படும் சீன நூலொன்று, சந்தையில் எறும்புக்கூடுகள் விற்கப்பட்டதையும், அவற்றை வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டியதையும் பதிவு செய்கிறது. அது நாம் முயிறு, முசிறு என்று சொல்லும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. சங்கப் பாடல்களிலேயே முயிறு ஊர்கிறது. எங்கள் மாமரத்திலும் ஊர்கிறது. மரமேறுகிறவர்களின் வசை முழுவதையும் வாங்கிக்கொண்டு, தத்துப்பூச்சிகளையும் புழுக்களையும் தின்றுகொண்டிருக்கிறது. அது மாவுப்பூச்சியை மேய்த்துத் தேன் கறந்து பாதுகாக்கும் என்பதும் உண்மை. கூலி வாங்காத காவல்காரன் சில திருடர்களோடு உறவாகத்தான் இருப்பான்.

மூன்றாவது முறை, சாயங்காலம் வைத்தோம். சரியாக வைத்தோம். மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்திலிருந்து மருந்துநெடி வந்தது. அந்தத் தோட்டம் எங்கள் சித்தப்பா முறையுள்ள ஒருவருடையது. அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது மருந்து கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காற்றுக்கு வரப்பு கிடையாதே. நாங்கள் போய்க் கேட்டோம். கொஞ்சம் சூடாகவே கேட்டோம்.

அவர் கோபப்படவில்லை. ‘தம்பி, நீங்க ரெண்டு பேரும் மாசச் சம்பளக்காரங்க. உங்க குளவி வந்து முட்டையத் தேடி, அது கறுத்து, அப்புறம் பலன் தெரியுறவரைக்கும் நீங்க காத்திருக்கலாம். நான் மருந்தையே கடனுக்கு வாங்குறவன். பருத்தி அந்தக் கடைக்காரருக்குத்தான் போகணும். காய் சொத்தையாப் போச்சுன்னா, உங்க குளவி வந்து பதில் சொல்லுமா?’ என்றார்.

எங்களிடம் விடை இல்லை. இயற்கை வேளாண்மை பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்தச் சித்தப்பாவைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள் என்பது எங்கள் மனத்தாங்கல். காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க முடிந்தவர்களுக்கே குளவி முதலில் வருகிறது. அந்தப் பருவத்தில் நாங்களும் முழு யோக்கியர்களாக இருக்கவில்லை. கடைசியில் காய்ப்புழு மிஞ்சியபோது இரண்டு முறை மருந்தடித்தோம். பதினான்கு இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டையும் நாங்களே முதுகில் சுமந்து, காற்றின் போக்கில் நின்று அடித்தோம். அண்ணனை வரப்பிலேயே உட்காரச் சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. ‘தெளிக்கத் தெரியாம தெளிக்கிறீங்க’ என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

2002இல் பி.ட்டி. பருத்தி வந்தது. காய்ப்புழு ஒடுங்கியது, சாறு உறிஞ்சும் பூச்சிகள் ஓங்கின, பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் பருத்தியையும் தின்னக் கற்றுக்கொண்டது. அந்தக் கதை தனி. நாங்கள் பருத்தியை விட்டுவிட்டோம்.

வெளியிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து இன்னொன்றை அடக்குவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. எங்கள் தந்தை தம் தாத்தா காலத்தில் அடிவாரம் முழுக்கச் சப்பாத்திக்கள்ளி வேலியாகவும் காடாகவும் மண்டிக்கிடந்ததாகச் சொல்வார். பிறகு ஒரு காலத்தில் கள்ளிமீது வெள்ளைப்பஞ்சு படிந்து, காடு காடாக அழுகிச் சாய்ந்ததாம். கள்ளிச் சாபம் என்று நினைத்தார்களாம். அது 1926இல் இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட கள்ளிப் பூச்சியின் வேலை. நசுக்கினால் குங்குமம் போலச் சிவப்பு வரும். இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள், விலையுயர்ந்த கொச்சினீல் சாயப்பூச்சி என்று நம்பி, பிரேசிலிலிருந்து அதன் தரங்குறைந்த உறவு ஒன்றை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் தேறவில்லை. ஆனால் அப்பூச்சி வேறொரு கள்ளிவகையைத் தின்றே அழித்தது. உலகில் ஒரு பூச்சியைக் கொண்டு களையை அடக்கிய முதல் நிகழ்ச்சி என்று பாடநூல்கள் இன்று கொண்டாடுவது, சாயவணிகத்தில் ஏமாந்த கதையைத்தான்.

1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிப்டோலேமஸ் பொறிவண்டும் இப்படித்தான். காப்பியின் பச்சைச் செதில்பூச்சிக்காக அழைத்து வரப்பட்டது. அதில் பெரிதாகச் சாதிக்கவில்லை. மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே குடியேறிவிட்டது. அழைத்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலையில் பெயர் வாங்குகிறவர்களை நாம் இலக்கியத்திலும் பார்க்கிறோம்.

பப்பாளி மாவுப்பூச்சியை நேரில் கண்டவர்கள் நாங்கள். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டது. மறுவருடம் எங்கள் பப்பாளிகளின் காம்பிலும் காயிலும் மாவு அள்ளி அப்பியது போல இருந்தது. செம்பருத்தி, மரவள்ளி, கொய்யா எதையும் விடவில்லை. மெழுகுப்பூச்சு இருப்பதால் மருந்து உடம்பில் ஒட்டுவதில்லை. தந்தை நாற்பது மரங்களையும் வெட்டிக் குவித்துத் தீ வைத்தார். அப்போது அவருக்கு எண்பது நெருங்கியது. எரிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றிருந்தார். 2010இல் பெங்களூரிலிருந்த வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று முன்னணியில் நின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி அவ்வாண்டு அக்டோபரிலிருந்து மாவட்டங்களுக்குப் பகிர்ந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் கொண்டுவந்து விட்டதாக நினைவில்லை. அடுத்த கோடையில், வேலியோரத்தில் தானாக முளைத்த ஒரு பப்பாளியில், மாவுப்பூச்சிகள் உப்பிப் பழுப்பு நிறக் கூடாகி நிற்பதையும், அவற்றில் வட்டமாக ஒரு துளை இருப்பதையும் கண்டோம். குளவி தானே வழிகண்டு வந்திருந்தது. இதே பாணியில் 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோது, ஆப்பிரிக்காவில் முன்பே பெயர்பெற்ற அனகைரஸ் லோபெசி குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

தந்தை அந்த வேலியோரப் பப்பாளியைப் பார்க்கவில்லை. மரங்களை எரித்த மறு ஆண்டே காலமானார்.

இப்போது தோட்டத்தில் பாதி வீட்டுக் காய்கறி, பாதி அவரைப் பந்தல். அட்டை கட்டுவதைவிட, வருகிறவற்றை விரட்டாமல் இருப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. வரப்பில் தட்டைப்பயறு போடுகிறோம். அதில் அசுவினி அப்பும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். பிறகு அது கத்தரிக்கும் அவரைக்கும் போகும். ஊடே துலுக்கச் சாமந்தியும் கொத்தமல்லியும். கொத்தமல்லி பூத்துவிட்டால் சமையலுக்கு வீண் என்று முன்பு பிடுங்கிவிடுவோம். பூத்தபின்தான் குளவிகளுக்கு அதில் தேன். நீண்ட காம்பின் நுனியில் வெள்ளைமுத்து போல முட்டையிடும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை இப்போது அடையாளம் தெரியும். அதன் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால்தான் அந்தத் தாய் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் காம்பில் ஏற்றி வைக்கிறது என்கிறார்கள். பொறிவண்டின் குஞ்சு, முதலைக்குட்டி போலக் கறுத்து முள்ளோடு இருக்கும். அதைப் பயிர்ப்புழு என்று எண்ணி எத்தனை ஆண்டுகள் நாங்களே நசுக்கிக் கொன்றிருக்கிறோம் என்று கணக்கில்லை. கத்தரியில் தண்டுதுளைப்பான் மட்டும் இன்றும் எங்களை வெல்கிறது. வாடிய நுனிகளைக் கிள்ளி எரிக்கிறோம். காயில் மூன்றில் ஒன்றைப் புழுவுக்கு எழுதி வைத்திருக்கிறோம்.

சித்தப்பா இன்னமும் மருந்தடிக்கிறார், முன்பை விடக் குறைவாக. அடிப்பதற்கு முதல்நாள் எங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்.

அண்ணனுக்கு எழுபது கடந்துவிட்டது. கண்ணில் புரை அறுவை செய்தும் பார்வை மங்கல்தான். ஆனாலும் காலையில் வந்து பந்தலடியில் உட்கார்ந்துகொள்வார். சென்ற ஆவணியில் தக்காளிக்காக வெகுநாளுக்குப் பின் ஓர் அட்டை வாங்கி வந்தோம். முதன்முதலில் வாங்கிய காலத்தில், ‘காகிதத்தக் கட்டித் தொங்கவிட்டா புழு செத்துருமா?’ என்று சிரித்தவர் அவர். இப்போது அட்டையைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்து, முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மருந்து மணக்கிறதா என்று பார்ப்பவர் போல முகர்ந்தார். பிறகு எங்களிடம் நீட்டினார்.

‘எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. கறுத்துருச்சா?’

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் கறுத்திருந்தது. ஓர் ஓரத்தில் ஒரு துளை விழுந்து, ஒரு குளவி மட்டும் முந்திக்கொண்டு வெளியே வந்து, முட்டைகளின் மேலேயே நடந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னோம்.

‘அப்ப வெயில் ஏறுறதுக்குள்ள கட்டிருங்க’ என்றார்.